லிப்னிக்கில் இன்றைய நிலக்கரி விலை

லிப்னிக், போஸ்னியா
24 மே 2004

எதிர் டிப்போ உரிமையாளர் திரு. ஸயீம் அவர்களுக்கு,

என் தங்கை தெவ்லேதாவைத் தங்களுக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து தங்களை 'மாப்பிள்ளை' என்றும் 'நீ' என்றும்தான் கூப்பிட்டு வந்தேன். இனி அந்த உரிமை எனக்கு வேண்டாம். அதனால்தான் 'திரு.', அதனால்தான் 'தாங்கள்'.

நேற்றுக் காலை தங்கள் விலைப்பலகையில் விலைக்குக் கீழே புதிதாக ஒரு வரியைப் பார்த்தேன். "எங்களிடம் கிடைப்பது காய்ந்த கரி" என்று எழுதியிருந்தது. இந்த ஊரில் நிலக்கரி டிப்போ இரண்டே இரண்டு. சாலைக்கு அந்தப் பக்கம் காய்ந்த கரி என்றால் இந்தப் பக்கம் என்ன கரி என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான் குவியல் மேல் குழாயால் தண்ணீர் தெளிப்பது உண்மைதான். கரித்தூள் பறந்து எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிமேல் படியக் கூடாது என்பதற்காகத் தெளிக்கிறேன். அந்த எதிர்வீடு தங்கள் வீடு. அந்தத் துணியைத் துவைப்பவள் என் தங்கை.

இன்று ரிட்டயர்டு வாத்தியார் ஃபெஹிம் என் டிப்போவுக்கு வந்து, "ஏன் ராகிப், உன் கரியை டன் கணக்குல வாங்கணுமா, லிட்டர் கணக்குல வாங்கணுமா?" என்று கேட்டார். பின்னால் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். இருபத்தைந்து வருஷமாக நான் சேர்த்த பெயரைத் தாங்கள் ஒரு சாக்பீஸ் துண்டால் கெடுத்துவிட்டீர்கள்.

ஒவ்வொரு மே மாதமும் தெவ்லேதாவின் அடுப்படியில் உட்கார்ந்து காபி குடித்து, நாம் இருவரும் அந்த வருஷத்துக்கு ஒரே விலை பேசிக்கொள்வது வழக்கம். இந்த வருஷம் அது கிடையாது. தாங்கள் மன்னிப்புக் கேட்கும் வரை தங்களோடு வாய் திறந்து பேசுவதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறேன். டெலிபோனும் வாய்தான். ஆகவே தபால்.

தங்கள் விலை டன்னுக்கு நூற்று நான்கு மார்க். என் விலை நாளை முதல் நூறு.

இப்படிக்கு,
ராகிப்
நிலக்கரி வியாபாரி (1979 முதல்)

*

லிப்னிக்
27 மே 2004

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் சாலையைக் கடக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டது. நீங்கள் தபாலாபீசுக்கு நடந்து, அவர்கள் முத்திரை குத்தி, தபால்காரி மெவ்லிதா அதை மறுபடியும் உங்கள் வாசல் வழியாகவே சுமந்து வந்து என்னிடம் கொடுத்தாள். கொடுத்தவள் போகாமல் நின்றாள். "என்ன எழுதியிருக்காரு? விலை கொறையுமா?" என்றாள். ஊருக்கே அதுதான் கவலை.

அந்த வரி என் கரியைப் பற்றியது. உங்கள் கரியைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. 'எங்கள் வீட்டுப் பெண் அழகு' என்று ஒருவன் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவானா? வருவான் என்றால் அவன் பெண்ணைப் பற்றி அவனுக்கே சந்தேகம் என்று அர்த்தம்.

இந்தக் கடிதத்தைத் தெவ்லேதா கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே கீரை அடைத்துச் சுட்ட பிட்டாவும் வருகிறது. பிட்டாவைத் திருப்பி அனுப்பினால் அவள் என்னிடம் அழமாட்டாள், உங்களிடம்தான் வந்து அழுவாள். யோசித்துச் செய்யுங்கள்.

எனக்கு ஒரு விஷயம்தான் புரியவில்லை. வழக்கமாக முந்நூறு டன் எடுப்பவர் இந்த வசந்தத்தில் அறுநூறு டன் எடுத்துக் கொட்டியிருக்கிறீர்கள். என்னை ஒரேயடியாக அமுக்கிவிடலாம் என்றா? நம் பழுப்பு நிலக்கரி வைத்திருந்தால் விலை ஏறும் தங்கம் இல்லை. ஒரு கோடை வெயில் பட்டால் பொடியும், அதிகம் குவித்தால் உள்ளே சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். உங்களுக்குத் தெரியாததா?

என் விலை நாளை முதல் தொண்ணூற்றெட்டு.

உங்கள் மாப்பிள்ளை,
ஸயீம்

*

லிப்னிக்
11 ஜூலை 2004

திரு. ஸயீம் அவர்களுக்கு,

பிட்டா வந்தது. சாப்பிட்டேன். அது என் தங்கை செய்தது. அதற்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லை.

என் விலை இன்று தொண்ணூற்றிரண்டு. தாங்கள் சாயங்காலம் தொண்ணூற்றொன்று என்று எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் குடும்பம் குடும்பமாக நம் சாலைக்கு வருகிறார்கள். ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு என் பலகையைப் பார்க்கிறார்கள், திரும்பித் தங்கள் பலகையைப் பார்க்கிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். வாங்குகிறார்களா என்றால் இல்லை.

நேற்று ஃபெஹிம் வாத்தியாரை நிறுத்தி, "வாத்தியாரே, வருஷா வருஷம் ஜூன்லயே நாலு டன் எறக்குவீங்களே, இன்னும் ஏன் எடுக்கல?" என்று கேட்டேன்.

"எதுக்கு அவசரம்? வெயில்தானே அடிக்குது. நாளைக்கு இன்னும் ரெண்டு மார்க் கொறையும். நீங்க ரெண்டு பேரும் நல்லா சண்டை போடுங்கப்பா, குளிருக்குள்ள சும்மாவே குடுத்துடுவீங்க" என்றார்.

இந்த ஊர்ப் பழக்கம் தங்களுக்குத் தெரியாததில்லை. எந்த வீட்டு வாசலில் முதல் கரிக்குவியல் விழுகிறது என்று பார்த்துத்தான் மற்ற வீடுகள் வாங்கும். ஒரு வாசலில் விழுந்துவிட்டால் அந்த வாரமே தெரு முழுக்க விழும். விழாவிட்டால் எவனும் அசையமாட்டான். ஜூலை பாதி ஆகிறது. லிப்னிக்கில் எந்த வாசலிலும் ஒரு கூடைக் கரி இல்லை. இதற்குத் தாங்கள்தான் பொறுப்பு.

ராகிப்

*

லிப்னிக்
16 ஆகஸ்ட் 2004

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் எண்பத்தேழு. நான் எண்பத்தாறு. சுரங்கத்தில் நாம் வாங்கிய விலையே எண்பத்து நான்கு. லாரி வாடகையைச் சேர்த்தால் நாம் இருவரும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஊருக்கு தர்மம் செய்கிறோம். அந்த தர்மத்தையும் வாங்க ஆளில்லை.

காபிக் கடையில் பந்தயம் கட்டுகிறார்கள். யார் முதலில் எண்பதுக்கு இறங்குவார் என்று. உங்கள் மேல்தான் அதிகம் பேர் கட்டியிருக்கிறார்கள். மெவ்லிதாவும் உங்கள் பக்கம். நான் யார் பக்கம் என்று சொல்லமாட்டேன்.

விளையாட்டு போதும் மச்சான். இந்த ஊர்க்காரனுக்கு விலை இறங்கினால் கை வராது, ஏறினால்தான் ஓடி வருவான். நாளைக் காலை இருவரும் ஒரே நேரத்தில் பலகையைத் துடைத்துவிட்டுத் தொண்ணூற்றைந்து என்று எழுதுவோம். மத்தியானத்துக்குள் டிராக்டர் வரிசை சுரங்கம் வரை நிற்கும். நீங்கள் பேச வேண்டாம், ஜன்னலிலிருந்து தலையை ஆட்டினால் போதும்.

ஸயீம்

*

லிப்னிக்
20 ஆகஸ்ட் 2004

திரு. ஸயீம் அவர்களுக்கு,

தலையை ஆட்டுவதும் பேச்சுதான்.

நான் தொண்ணூற்றைந்து என்று எழுதியதும் தாங்கள் எண்பத்தாறிலேயே நின்றுகொண்டால் என் கதி என்ன? காய்ந்த கரிக்காரரை நம்பி நான் நனைய வேண்டுமா? முதலில் அந்த வரியைத் துடையுங்கள். பிறகு மன்னிப்பு. பிறகு விலை. வரிசை மாறக் கூடாது.

ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன், பதில் எதிர்பார்த்து அல்ல. துஸ்லாவிலிருந்து ஒரு ஆள் கார் போட்டு வந்தான். மரத்தூள் உருண்டை விற்கிறானாம். இனி எல்லாரும் அதைத்தான் எரிப்பார்களாம். "பெரியவரே, இந்தக் குவியல் மழைக்குள்ள போகாது. அப்புறம் எனக்கு எடத்தைக் குடுத்துடுங்க, நல்ல வெலை தரேன்" என்றான். இருக்கிற காசையெல்லாம் நான் இந்த அறுநூறு டன்னில் போட்டுவிட்டேன் என்பதை எவனோ அவனிடம் சொல்லியிருக்கிறான். சொன்னது யாராயிருந்தாலும் அவன் வாய் அவிந்து போகட்டும்.

என் விலை எண்பத்தைந்து.

ராகிப்

*

லிப்னிக்
4 செப்டம்பர் 2004

மச்சான்,

அவனிடம் சொன்னது நான் இல்லை. தெவ்லேதா மேல் சத்தியம்.

முதல் மழை வந்து என் பலகையிலிருந்த வரியை அழித்துவிட்டது. நான் அழிக்கவில்லை, மழைதான் அழித்தது. ஆனாலும் திரும்ப எழுதவில்லை. இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதும் எடுத்துக்கொள்ளாததும் உங்கள் இஷ்டம்.

எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. இன்று காலை ஜன்னலைத் திறந்தேன். உங்கள் குவியலின் ஆற்றுப்பக்கத்து மூலையிலிருந்து மெல்லிசாக ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது. வாசனையும் வந்தது. ஊர்க்காரன் மூக்குக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். அந்த மூலையை உடனே தோண்டி மெல்லிசாகப் பரப்புங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், ஊற்றினால் இன்னும் சூடேறும். கோபத்தில் என் பேச்சைக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஸயீம்

*

லிப்னிக்
6 செப்டம்பர் 2004

திரு. ஸயீம் அவர்களுக்கு,

அது பனிமூட்டம். செப்டம்பரில் ஆற்றோரம் பனிமூட்டம் வரும். என் குவியலில் ஒரு குறையும் இல்லை.

பொதுவாக ஒன்று கேட்கிறேன். வேறு ஊரில் வேறு ஒரு வியாபாரி இருக்கிறார். அவருடைய குவியலில் முழங்கை அளவு கையை விட்டால் ரொட்டி அடுப்பு மாதிரி சுடுகிறதாம். ஒரு மூலையைப் பரப்பினார், மறுநாள் அடுத்த மூலையில் சுட்டதாம். பரப்ப முற்றத்தில் இடமும் இல்லையாம், ஏனென்றால் முற்றம் முழுக்கக் கரி. அவர் வயது ஐம்பத்தெட்டு. அவருக்கு வேறு தொழில் தெரியாது. ராத்திரி தூக்கம் வராமல் கரி அள்ளும் சவலை எடுத்துக்கொண்டு குவியலைச் சுற்றி நடக்கிறாராம். அப்படிப்பட்டவருக்குத் தாங்கள் என்ன யோசனை சொல்வீர்கள்?

இதைத் தெவ்லேதா கையில் அனுப்புகிறேன், பதிலையும் அவளிடமே கொடுத்தனுப்பலாம். தபால் மூன்று நாள் ஆகும்.

ராகிப்

*

லிப்னிக்
6 செப்டம்பர் 2004, சாயங்காலம்

மச்சான்,

அந்த வேறு ஊர் வியாபாரியிடம் சொல்லுங்கள்: குவியல் பெரிதாக இருக்கும்வரை சூடு அடங்காது. குவியல் குறைய வேண்டுமென்றால் கரி விற்க வேண்டும். விற்க வேண்டுமென்றால் எங்காவது ஒரு வாசலில் முதல் குவியல் விழ வேண்டும்.

அது இருக்கட்டும். எனக்குக் கரி வேண்டும். நான்கு டன், கட்டிக் கரி, உங்கள் பலகையில் உள்ள விலைக்கே. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஊரே வெளியே வரும் நேரத்தில் என் வீட்டு வாசலில் கொட்ட வேண்டும். டிப்போ வாசலில் வேண்டாம். தெருப்பக்க வாசலில், நடைபாதை மேலேயே கொட்டுங்கள். சீக்கிரம் வந்துவிடாதீர்கள், தாமதமும் வேண்டாம்.

ஸயீம்

*

லிப்னிக்
19 செப்டம்பர் 2004

மாப்பிள்ளை,

பழைய மாதிரியே எழுதுகிறேன். 'தாங்கள்' எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

உன் ஆர்டர் கிடைத்தபோது உன்மேல் எனக்கு வந்த கோபம் மே மாதத்துக் கோபத்தைவிடப் பெரியது. அடிமட்ட விலைக்கு என்னிடம் வாங்கி என்னையே கேலி செய்கிறாய் என்று நினைத்தேன். கொடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் காசோடு வந்தவனைத் திருப்பி அனுப்பினால் நான் என்ன வியாபாரி? அதனால் வெள்ளிக்கிழமை நானே லாரியை ஓட்டிக்கொண்டு வந்தேன். இறங்கவில்லை, பேசவில்லை, ஹாரன் மட்டும் அடித்துவிட்டுக் கொட்டினேன். நீ வாசலில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்காரன் மாதிரி நின்றாய். பின்னால் ஊர் மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

நான் டிப்போவுக்குத் திரும்பி லாரியை நிறுத்துவதற்குள் ஃபெஹிம் வாத்தியார் ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. "ராகிப், எனக்கு ஆறு டன். இப்பவே" என்றார்.

"என்ன வாத்தியாரே, நாளைக்கு இன்னும் கொறையுமே" என்றேன்.

"என்னை ஏமாத்தாதே. ஸயீமே உன்கிட்ட வந்து வாங்கறான்னா ஏதோ இருக்கு. சுரங்கத்துல விலை ஏறுதுன்னு அவனுக்குச் சேதி வந்திருக்கு. தன் கரியை ஒளிச்சு வெச்சுகிட்டு உன் கரியைத் திங்கறான்" என்றார்.

அரைமணி நேரத்தில் அந்தச் சேதி ஊர் முழுக்கப் பரவி, மெவ்லிதா வாயில் டன் நூற்றைம்பது ஆகிவிட்டது. நீ ஆகஸ்டில் சொன்னது மாதிரியே டிராக்டர் வரிசை நின்றது. சனிக்கிழமை தொண்ணூற்றைந்து எழுதினேன், இன்னும் வேகமாக வாங்கினார்கள். திங்கட்கிழமை நூறு எழுதினேன், அடித்துக்கொண்டார்கள். சூடான பகுதியைத் தனியே பரப்பி ஆறவைத்து அதையும் விற்றேன். ஒருத்தி அதைத் தொட்டுப் பார்த்து, "ரொம்பக் காஞ்ச கரியா இருக்கே" என்று பாராட்டினாள். நேற்று முற்றத்தைப் பெருக்கினேன். துஸ்லாக்காரன் வந்தான். வெறும் தரையைப் பார்த்துவிட்டு, காபி வேண்டாம் என்று போய்விட்டான்.

இத்தனை நடந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் மெதுவாகப் புரிந்துகொள்பவன், அது உனக்குத் தெரியும்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. உன் டிப்போவில் ஆளே இல்லை. வரிசையில் நின்ற ஒருவன், "ஸயீம் கரி அவன் அடுப்புலயே எரியலையாம், அதான் இங்க வாங்கினான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் கொடுத்திருந்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "அவன் கரி என் கரியைவிட நல்ல கரி. இருபத்தஞ்சு வருஷமா பார்க்கறேன். அதைப் பத்திப் பேசறவனுக்கு என்கிட்ட ஒரு கட்டி கெடையாது" என்றேன். அவன் மன்னிப்புக் கேட்டு மூன்று டன் வாங்கிப் போனான். நாளையிலிருந்து உன் பக்கம் வருவார்கள். எதிர்ப் பக்கம்தான் இனி கரி என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன்.

உன் நல்ல பெயரை எனக்காகத் தெருவில் கொட்டினாய். அந்த மே மாதத்துக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. வெட்கம்தான் இருக்கிறது.

இப்போது எழுதவந்த விஷயம். கூட்டத்தில் மூளை வேலை செய்யாமல், வீட்டுக்குப் பின்னால் என் சொந்த அடுப்புக்கென்று ஒதுக்கியிருந்த குவியலையும் விற்றுவிட்டேன். என் நிலவறையில் ஒரு பிடி கரி இல்லை. எனக்கு ஆறு டன் வேண்டும்.

ராகிப்

*

லிப்னிக்
20 செப்டம்பர் 2004

அன்புள்ள மச்சானுக்கு,

'மாப்பிள்ளை' என்று எழுதியிருந்ததைத் தெவ்லேதாவிடம் காட்டினேன். காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் ஆர்டர் எழுதுவதற்கு முன்னால் மூன்று நாளாக ஜன்னல் பக்கம் நின்று, நீங்கள் சவலோடு குவியலைச் சுற்றுவதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். "போய்ப் பேசேன்" என்று என்னை விரட்டினாள். "உங்க அண்ணன் பேச மாட்டாரே" என்றேன். "அப்ப பேசாம ஏதாவது செய்" என்றாள். நான் செய்ததெல்லாம் அவள் பேச்சு. அதனால் பெரிய தியாகி என்று என்னை நினைக்க வேண்டாம். நீங்கள் இடத்தை விற்றுவிட்டால் எதிரில் மரத்தூள் உருண்டைக்காரன் முகத்தைத்தான் தினமும் பார்க்க வேண்டும். எனக்குச் சண்டை போட ஆள் வேண்டும் மச்சான். அவனோடு என்ன சண்டை போடுவது?

இன்று காலை எட்டு மணிக்கே என் வாசலில் பதினொரு டிராக்டர். நீங்கள் அனுப்பியவர்கள்தான். ஃபெஹிம் வாத்தியார் ஆறு டன் போதாதென்று இன்னும் இரண்டு கேட்டார்.

உங்கள் ஆர்டரைப் பார்த்தேன். ஆறு டன் தரலாம். ஆனால் இன்றைய விலை நூற்றுப் பன்னிரண்டு. பலகையில் எழுதியாகிவிட்டது, ஊர் முன்னால் உறவுக்காரருக்குத் தனி விலை போட்டால் என் வியாபாரம் என்ன ஆவது? நாளைக் காலை கொட்டுகிறேன். நானும் தெவ்லேதாவும் சவலோடு வந்து நிலவறைக்குள் அள்ளிப் போடுகிறோம். அள்ளுகிறவர்களுக்கு வீட்டுக்காரர் காபியும் சாப்பாடும் போடுவது வழக்கம். உங்கள் காபி எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும், ஆனாலும் வருகிறோம்.

உங்கள் மாப்பிள்ளை,
ஸயீம்

*

லிப்னிக்
20 செப்டம்பர் 2004, இரவு

மாப்பிள்ளை,

நூற்றுப் பன்னிரண்டு அநியாயம். என்னிடம் எண்பத்தைந்துக்கு வாங்கியவன் நீ. உன்னை மாதிரி ஒருவனுக்குத் தங்கையைக் கொடுத்தேன் பார், அதுதான் என் வியாபாரத்திலேயே பெரிய நஷ்டம் என்று எழுதத் தொடங்கினேன். எழுதும்போதே அது பொய் என்று தெரிந்தது. அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன், நீ சிரித்துக்கொள்.

விலைக்குச் சம்மதம். ஆட்டுக்கறி வாங்கிவிட்டேன். காபி தெவ்லேதாவே போடட்டும்.

நீ கொண்டுவந்து கொட்டும்வரை நான் இங்கே காத்திருக்க மாட்டேன். காலையில் நானே சாலையைத் தாண்டி உன் டிப்போவுக்கு வருகிறேன். எடை போடும்போது பக்கத்திலேயே நிற்பேன்.

ராகிப்